ஹைபிரிட் கார் ஓடும்போது பழுதுற்றால்: சாரதியும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவை

நோய், உணவு, மருந்து ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக எழுதிவரும் நாம் இம்முறை ஒரு வாகனத்தைப் பற்றி எழுதுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் நோயாளரைச் சிகிச்சைக்கு ஏற்றிவரும் கார்களிற் பல இன்று ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார்களாகும். அவற்றுள் பெரும்பகுதி ஏற்கனவே ஒருவர் பாவித்த நிலையில் இறக்குமதி செய்யப்பட்டவை. 2020ஆம் ஆண்டு முதல் வாகன இறக்குமதி சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தமையால், வீதியில் ஓடும் கார்களின் வயதும் கூடிவிட்டது. அவற்றை ஓட்டுவோருள் நீரிழிவு, இதயநோய், முதுமை ஆகியவற்றோடு வாழ்பவர்களும் இருக்கின்றனர்.

இக்கட்டுரையின் நோக்கம் அச்சமூட்டுவதன்று. ஹைபிரிட் கார்கள் பொதுவாக நம்பகமானவை. எனினும், கணினியோ மின்சாரமோ தவறும் அரிய வேளையில் சாரதிக்குக் கிடைப்பவை சில விநாடிகள் மாத்திரமே. பழுது எங்கே என்று ஆராய அப்போது நேரம் இராது. ஆகவே, காரணம் எதுவாயினும் பயன்தரக்கூடிய செயல் எது என்பதை முன்கூட்டியே கற்றிருத்தல் வேண்டும். அதனையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

காரினுள் இருக்கும் இரு மின்சாரங்கள்

டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் ஹைபிரிட் காரை 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒரே காரில் இணைந்து இயங்குவதே இவ்வகைக் கார்களின் அடிப்படை. எப்போது எஞ்சின் இயங்க வேண்டும், எப்போது மோட்டார் இயங்க வேண்டும், எப்போது பற்றரிக்கு மின்னேற்ற வேண்டும் என்பவற்றைக் கணினிகளே தீர்மானிக்கின்றன.

காரில் இரண்டு பற்றரிகள் உள்ளன. ஒன்று பெரியது, சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு மின் வழங்குவது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களில் இதன் மின்னழுத்தம் 201.6 வோல்ட். இன்வேர்ட்டர் என்னும் பகுதி அதனை மேலும் உயர்த்துகிறது. மூன்றாம் தலைமுறைக் காரில் அது 650 வோல்ட் வரை செல்லும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதை நினைவிற் கொண்டால் இதன் வலிமை விளங்கும். மற்றையது 12 வோல்ட் கொண்ட சிறிய பற்றரி. கணினிகளும் விளக்குகளும் கதவுப் பூட்டுகளும் இச்சிறிய பற்றரியையே நம்பியிருக்கின்றன.

இதனால் விளையும் ஒரு விந்தையைப் பலர் அறியார். பெரிய பற்றரி முழுமையாக மின்னேறியிருந்தாலும், சிறிய பற்றரி வலுவிழந்திருந்தால் கார் புறப்படாது. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவரை ஏற்றிச் செல்ல வேண்டிய வேளையில் பொத்தானை அழுத்தியும் ‘ரெடி’ விளக்கு எரியாமற்போவதற்கு இது ஒரு பொதுவான காரணம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய இந்தச் சிறிய பற்றரியை, அது முற்றாகச் சாகும் வரை காத்திராமல் பரிசோதித்து மாற்றுவது நலம். புறப்படாத காரோடு போராடிக்கொண்டிருத்தலும் ஆகாது. 1990 என்னும் எண்ணை அழைத்துச் சுவசரிய ஆம்புலன்ஸை வரவழைப்பதே அவ்வேளையில் செய்யத்தக்கது.

பதிவாகியுள்ள பழுதுகள்

மென்பொருள் தவறு என்பது வெறும் கற்பனையன்று; தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டு திருத்திய நிகழ்வுகள் உள்ளன. 2010 பெப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 4,37,000 ஹைபிரிட் கார்களைத் திருத்தத்திற்கு அழைத்தது. கரடுமுரடான அல்லது வழுக்கும் வீதியில் மெதுவாகப் பிரேக் பிடிக்கையில், கணப்பொழுது பிரேக் தளர்ந்தது போன்ற நிலை ஏற்படுவதாகச் சாரதிகள் முறையிட்டிருந்தனர். மென்பொருளை மாற்றியமைத்து அது சரிசெய்யப்பட்டது.

2014 பெப்ரவரியில் அதே நிறுவனம் ஏறத்தாழ 19 இலட்சம் பிரியஸ் கார்களை அழைத்தது. இன்வேர்ட்டரிலுள்ள மின்னணுப் பாகங்கள் அளவு மீறிச் சூடேறிப் பழுதுறுவதற்கு மென்பொருள் இடமளித்தமையே காரணம். அவ்வாறு நேரும்போது எச்சரிக்கை விளக்குகள் எரியும். கார் குறைந்த வலுவில் ஓடும். அரிதாக முற்றாக நின்றுவிடும். 2018 ஒக்டோபரில் ஏறத்தாழ 24 இலட்சம் ஹைபிரிட் கார்கள் மீண்டும் அழைக்கப்பட்டன. பழுதுற்ற வேளையில் குறைந்த வலுவிலாவது ஓடிப் பாதுகாப்பாக ஒதுங்க உதவவேண்டிய ஏற்பாடே சில கார்களில் செயற்படாமற்போகலாம் எனக் கண்டறியப்பட்டிருந்தது.

ஹொண்டா நிறுவனமும் விலக்கன்று. இலங்கை வீதிகளில் நாம் அடிக்கடி காணும் வெசல், ஃபிட் ஆகிய ஹைபிரிட் கார்களுள் ஏறத்தாழ 1,75,000 கார்களை அந்நிறுவனம் 2014 ஜூலையில் ஜப்பானில் அழைத்தது. மென்பொருட் குறையால் கார் எதிர்பாராத விதமாக வேகமெடுக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

இங்கே நம்மைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. ஜப்பானில் விடுக்கப்படும் அழைப்பு அங்கு பதிவாகியுள்ள உரிமையாளருக்கே கடிதமாகச் செல்லும். கார் கைமாறிக் கடல்கடந்து வந்த பின்னர் அக்கடிதம் நம்மைத் தேடி வருவதில்லை. திருத்தம் செய்யப்பட்டதா என்பதை நாமே கேட்டறிய வேண்டியுள்ளது. காரின் செஸி இலக்கத்தைக் கொண்டு இதனைச் சரிபார்க்கத் தயாரிப்பு நிறுவனங்கள் இணையத்தில் வழி செய்துள்ளன. நீங்கள் நம்பும் கராஜிலோ அந்நிறுவனத்தின் உள்ளூர் முகவரிடமோ இலக்கத்தைக் கொடுத்து உதவி கேட்கலாம்.

வலு அற்றுப்போனாலும் எஞ்சியிருப்பவை

ஓடும் காரில் திடீரென வலு அற்றுப்போனால், பிரேக்கும் ஸ்டியரிங்கும் போய்விட்டன என்ற எண்ணமே முதலில் எழும். அது உண்மையன்று. ஸ்டியரிங்கைத் திருப்ப மின்மோட்டார் ஒன்று கைகொடுக்கிறது. அம்மோட்டார் நின்றாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையேயான இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கும் அவ்வாறே. மின் உதவி இல்லாதபோது, கால் கொடுக்கும் அழுத்தம் எண்ணெய்க் குழாய் வழியே சக்கரத்தைச் சென்றடையும்படி மாற்று வழி அமைக்கப்பட்டுள்ளது. பெடல் கடினமாக இருக்கும். வழமையைவிடப் பலமாக மிதிக்க வேண்டும். நிற்பதற்கு அதிக தூரம் எடுக்கும். ஆயினும் நிற்கும்.

எனவே கனத்த ஸ்டியரிங்கையும் கடினமான பெடலையும் உணர்ந்தவுடன் கைவிட்டுவிடாதீர்கள். நான்கு பக்க விளக்குகளையும் எரியவிட்டு, எஞ்சியிருக்கும் வேகத்தைக் கொண்டே இடப்புறமாக ஒதுங்குங்கள். அதிவேக நெடுஞ்சாலையாயின், நின்ற காரினுள் அமர்ந்திருத்தல் ஆபத்து. இடப்புறக் கதவால் இறங்கிக் காவல் வேலிக்கு அப்பால் நின்றே உதவிக்கு அழைக்க வேண்டும். புகையிரதக் கடவையில் கார் நின்றுவிட்டால் அதனை மீட்க முயலாமல் முதலில் அனைவரையும் இறக்கித் தண்டவாளத்தை விட்டு விலகுங்கள். நடக்க இயலாத நோயாளர் இருப்பின் அவரை இறக்குவதே முதற் கடமை. பொதிகளை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது.

கார் அடங்காமற் பாய்ந்தால்

வலு அற்றுப்போவதைவிட அஞ்சத்தக்கது, கார் அடங்காமல் வேகமெடுப்பதாகும். இதில் இயந்திரம் எவ்வளவு, மனிதர் எவ்வளவு என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட ஒன்று. அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் பற்றி எழுந்த முறைப்பாடுகளையடுத்து, அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு அமைப்பு நாசா பொறியியலாளரின் உதவியோடு ஆராய்ந்து 2011 பெப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அபாயகரமான வேகத்தை உண்டாக்கக்கூடிய மின்னணுக் குறை எதனையும் அவ்வாய்வு காணவில்லை. சிக்கிக்கொள்ளும் பெடல், பெடலில் மாட்டும் கால்விரிப்பு, பிரேக் என்று எண்ணி அக்சிலரேட்டரை மிதித்தல் ஆகியனவே காரணங்களாகச் சுட்டப்பட்டன. மறுபுறம், நாம் மேலே கண்ட 2014ஆம் ஆண்டின் ஹொண்டா அழைப்பு, மென்பொருளும் தவறக்கூடும் என்பதை உணர்த்துகிறது.

ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில், இக்கெபுக்குரோ என்னும் பகுதியில் 2019 ஏப்ரல் 19 அன்று நேர்ந்த விபத்து இவ்விடயத்தில் நாம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 87 வயதான ஒருவர் ஓட்டிய பிரியஸ் கார் வேகமெடுத்துக் கடவைகளைத் தாண்டிப் பாய்ந்தது. துவிச்சக்கர வண்டியில் வந்த 31 வயதுத் தாயும் அவருடைய 3 வயது மகளும் உயிரிழந்தனர். மேலும் 9 பேர் காயமுற்றனர். பிரேக்கை மிதித்தும் கார் நிற்கவில்லை, மின்னணுக் கோளாறே காரணம் என்று சாரதி நீதிமன்றத்தில் கூறினார். காரில் பதிவாகியிருந்த தரவுகளோ, அக்சிலரேட்டர் தொடர்ந்து மிதிக்கப்பட்டதையும் பிரேக் மிதிக்கப்படாததையும் காட்டின. 2021 செப்டெம்பரில் டோக்கியோ நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்விபத்தைச் சுட்டுவது முதியோரைப் பழிப்பதற்கன்று. கால் தவறான பெடலில் இருக்கையில், தாம் பிரேக்கையே மிதிப்பதாகச் சாரதி முழுமையாக நம்பக்கூடும். அவ்வாறு நம்புபவர், கார் நிற்காததைக் கண்டு மேலும் பலமாக அதே பெடலை மிதிப்பார். கார் மேலும் பாயும். ஆகையால், ‘பிரேக்கை மிதியுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது. காலைச் சார்ந்திராத இன்னொரு செயலும் வேண்டும். அதுவே நியூட்ரல்.

கியர் லீவரை நியூட்ரலில் இட்டால் எஞ்சினும் மோட்டாரும் சக்கரத்தை உந்துவது நின்றுவிடும். மென்பொருள் தவறியிருந்தாலும், பெடல் விரிப்பில் சிக்கியிருந்தாலும், காலே தவறான இடத்தில் இருந்தாலும் அது பயன்தரும். காரணத்தைக் கண்டறியத் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. இரு பாதங்களையும் ஒரு கணம் பெடல்களிலிருந்து முற்றாக எடுங்கள். பின்னர் பிரேக்கை உறுதியாக, விடாமல் மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தல் ஆகாது. தேவையாயின் இரு கால்களாலும் மிதிக்கலாம்.

2. அதே வேளையில் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். பல ஹைபிரிட் கார்களில் லீவரைத் தொட்டுவிட்டு விடுதல் போதாது. அந்நிலையிலேயே சற்றுப் பிடித்திருத்தல் வேண்டும். எஞ்சின் இரைந்தாலும் பொருட்படுத்தாதீர்கள்.

3. நியூட்ரலும் பயன்தராவிடின் மாத்திரம், இயக்கும் பொத்தானை 3 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதன் பின்னர் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனக்கும் என்பதை எதிர்பார்த்திருங்கள்.

4. கார் நின்றபின் பார்க் நிலையில் இட்டு, கைப்பிரேக்கையும் போட்டு, காரை நிறுத்துங்கள்.

மூன்றாவது செயலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறோம் என்பதற்கு வரலாறு உண்டு. 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாடின்றி ஓடி விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அது ஹைபிரிட் கார் அன்று. பொருந்தாத கால்விரிப்பே அக்சிலரேட்டரைச் சிக்கவைத்தது. ஆனால் அதிலும் சாவிக்குப் பதிலாகப் பொத்தானே இருந்தது. ஓடும்போது 3 விநாடி பிடித்தால் மட்டுமே அது எஞ்சினை நிறுத்தும். காரை ஓட்டியவர் வீதிக் காவற்படையின் அலுவலர். அனுபவம் மிக்கவராயினும், அக்குறிப்பிட்ட காரின் பொத்தானும் லீவரும் எவ்வாறு இயங்கும் என்பதை அமைதியான நேரத்தில் அறிந்துவைத்திருத்தல் அவசியம் என்பதை அவ்விபத்து உணர்த்துகிறது.

உடல்நிலையும் பெடலும்

மருத்துவமனை என்ற வகையில் நாம் சொல்ல வேண்டியது இனியே வருகிறது. நீண்டகால நீரிழிவால் பாத நரம்புகள் பாதிப்புற்றோருக்கு, கால் எந்தப் பெடலின்மீது உள்ளது, எவ்வளவு அழுத்துகிறது என்னும் உணர்வு மங்கலாம். பாரிசவாதத்தின் பின் வலக்கால் மெதுவாகலாம். மூட்டுவலியுள்ளோர் காலைத் தூக்கி மாற்றுவதற்குப் பதிலாக இழுத்து மாற்றப் பழகிவிடுவர். அப்போது கால் இரு பெடல்களுக்கும் இடையே தவறக்கூடும். இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்தால் தீர்மானிக்கும் ஆற்றலே தடுமாறும். உறக்கம் தரும் மருந்துகளைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

இவற்றுள் ஏதேனும் உங்களுக்கு இருப்பின், வாகனம் ஓட்டலாமா என்று கிளினிக்கில் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டவுடன் ஓட்ட வேண்டாம் என்றே கூறிவிடுவார்கள் என்று தயங்க வேண்டாம். பாத உணர்வைச் சோதித்து, மருந்து நேரத்தை மாற்றி, தொடர்ந்து ஓட்ட வழிசெய்யவும் கூடும். குடும்பத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். அப்பாவின் காரில் புதிய கீறல்களைக் கண்டால், அவர் முன் அதைக் குற்றமாகப் பேசாமல், அவரோடு ஒருநாள் முன்னிருக்கையில் அமர்ந்து சென்று பாருங்கள். கார் ஓட்டுவதை நிறுத்துவது பலருக்குச் சுதந்திரத்தை இழப்பதாகும். வேறு பயண வழியைச் சொல்லாமல் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வது நியாயமாகாது.

இறப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கும். கழன்று பெடலின் கீழும் புகும். குதிகாலைப் பிடிக்கும் காலணியோடு ஓட்டுதல் நலம். சாரதியின் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கால்விரிப்புகளை இடுதலையும் தவிர்க்க வேண்டும்.

நோயாளரை ஏற்றிச் செல்லும்போது

பிரியஸ் முதலிய பல ஹைபிரிட் கார்களில், பெரிய பற்றரியைக் குளிரூட்டும் காற்று பின்னிருக்கையின் அருகிலுள்ள ஒரு துவாரம் வழியாகவே உட்செல்கிறது. நோயாளரைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைக்கையில் தலையணை, போர்வை, பைகள் அத்துவாரத்தை மூடிவிடுவது இயல்பு. நமது வெப்பத்தில் அது பற்றரியைச் சூடேற்றும். நாளடைவில் தூசி அடைத்தாலும் இதே விளைவுதான். துவாரத்தைத் திறந்தே வைத்திருங்கள். காரைப் பராமரிப்புக்கு விடும்போது அதன் தூசியை அகற்றச் சொல்லுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியோர் ஹைபிரிட் காரில் பயணிக்கலாமா என்று எம்மிடம் கேட்பதுண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் பிரியஸ் கார் ஒன்றில், இதயக் கருவி பொருத்திய 30 பேரை வெவ்வேறு இருக்கைகளில் அமர்த்தி ஆராய்ந்தது; கருவிகளின் இயக்கத்துக்கு இடையூறு எதுவும் காணப்படவில்லை என 2013இல் அறிவித்தது. இருப்பினும், சாவியின்றித் திறக்கும் வசதிக்கான அன்டெனாக்களிலிருந்து 22 சென்ரிமீற்றருக்குக் குறையாத தூரத்தில் கருவி இருக்க வேண்டும் என்று டொயோட்டா கைநூல்கள் அறிவுறுத்துகின்றன. அன்டெனாக்கள் எங்குள்ளன என்பதைக் கைநூலில் பார்த்து, அவ்விடங்களில் மார்பைச் சாய்த்து நிற்பதைத் தவிர்த்தால் போதும். உங்கள் கருவியைப் பற்றி இதயநோய் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட் கார் ஓசையின்றி நிற்கும். நிறுத்திவிட்டோம் என்றெண்ணி இறங்கிவிட்டால், பற்றரி குறையும்போது எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும். மூடிய கார்க்கொட்டகையாயின் காபன் மொனொக்சைட் வாயு வீட்டினுள்ளும் பரவலாம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இறங்குமுன் ‘ரெடி’ விளக்கு அணைந்துள்ளதா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

விபத்து, வெள்ளம், புகை

பலமான மோதலின்போது உயர் மின்னழுத்தத்தைத் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு ஹைபிரிட் கார்களில் உண்டு. எனினும், துண்டித்த பின்னரும் 10 நிமிடம் வரை மின்சாரம் சில பகுதிகளில் எஞ்சியிருக்கலாம். உயர் மின்னழுத்தக் கம்பிகள் செம்மஞ்சள் நிற உறை கொண்டவை. நசுங்கிய காரில் அந்நிறக் கம்பி எதனையும் தொடாதீர்கள். முதலில் காரை பார்க் நிலையில் இட்டுப் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். ஓசை இல்லை என்பதால் கார் இயங்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

புகை எழுந்தால் அனைவரையும் இறக்கித் தொலைவிற் கொண்டுசென்று, 110இல் தீயணைப்புப் பிரிவை அழையுங்கள். ஹைபிரிட் கார் என்பதை மறவாமல் கூறுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை நீர் வடிந்தவுடன் இயக்கிப் பார்க்கவும் கூடாது. பயிற்சி பெற்றோர் சோதிக்கும் வரை அதனை அப்படியே விடுதல் வேண்டும்.

இவ்வாரம் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றை வாசித்தால் மட்டும் போதாது. உடல் பழக வேண்டும். ஒரு மாலையில் வீட்டு வாசலில், கார் நிறுத்தப்பட்ட நிலையில், அதனை ஓட்டும் ஒவ்வொருவரும் ஓட்டுநர் இருக்கையில் அமருங்கள். கண்ணை மூடிக்கொண்டு நியூட்ரல் எங்கே என்று கையாற் காட்டுங்கள். நான்கு பக்க விளக்குப் பொத்தானைத் தொடுங்கள். பாதத்தை இரு பெடல்களிலிருந்தும் எடுத்து, மீண்டும் பிரேக்கில் வைத்துப் பழகுங்கள். கைநூல் ஜப்பானிய மொழியில் இருப்பின், உங்கள் காரின் லீவரை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும், பொத்தானை எவ்வாறு அழுத்த வேண்டும் என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டு எழுதி, சாரதியின் கண்ணிற் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

முன்னிருக்கையில் அமர்பவரும் இதனை அறிந்திருத்தல் நன்று. சாரதிக்கு மயக்கமோ வலிப்போ நேர்ந்தால், பக்கத்திலிருப்பவரின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் கியர் லீவரே. அதனை நியூட்ரலுக்குத் தள்ளவும் ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தால், காரிலுள்ளோரும் வீதியிலுள்ளோரும் பிழைக்க வாய்ப்புண்டு. பத்து நிமிடத்தில் கற்கக்கூடிய பாடம் இது. அடுத்த கிளினிக் நாளுக்குப் புறப்படுமுன் குடும்பமாக இதனைக் கற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.